“நம்ம கிரப் ஸ்க்ரூவாட்டம் இருக்குதே கண்ணு!” - முதுகெலும்பைப் பிடித்து நிறுத்தும் குட்டித் திருகாணியின் கதை

கோவை கணபதியில் என் மாமாவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. முப்பது வருடமாக கப்ளிங், புல்லி, பம்ப்செட் உதிரிபாகம் என்று இரும்போடுதான் அவர் வாழ்க்கை. எந்த மெஷினையும் பிரித்து மாட்டிவிடுவார். ஆஸ்பத்திரி என்றால் மட்டும் வாசலிலேயே நின்றுகொள்வார்.

அத்தைக்கு இரண்டு வருடமாகவே இடுப்பு வலி. வாசலில் கோலம் போட்டு நிமிர்வதற்குள் கால் மரத்துப்போகும். பஸ் ஸ்டாப் வரை நடப்பதற்குள் இரண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். மாத்திரை, பெல்ட், பிசியோதெரபி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில், இடுப்புப் பகுதியின் நான்காவது முள்ளெலும்பு, ஐந்தாவதன் மேல் முன்பக்கமாகச் சறுக்கியிருக்கிறது, நரம்பு நசுங்குகிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று முடிவானது.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் பேசப் போனோம். மாமாவையும் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, மேசை மேல் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பு மாடலையே மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங் டாக்டர்... இதக் கையில எடுத்துப் பாக்கலாமுங்களா?”

டாக்டர் எடுத்துக் கொடுத்தார். எலும்புக்குள் இறங்கிய நான்கு நீளத் திருகாணிகள். அவற்றை இணைக்கும் இரண்டு கம்பிகள். மாமா அவற்றையெல்லாம் விட்டுவிட்டார். ஒவ்வொரு திருகாணியின் தலைக்குள்ளும் மூடிபோல உட்கார்ந்திருந்த குட்டித் துண்டின் மேல் அவர் விரல் நின்றது.

“கண்ணு, இது நம்ம கிரப் ஸ்க்ரூவாட்டமே இருக்குது பாரு!”

“அதே குடும்பந்தானுங்க. நாங்க செட் ஸ்க்ரூனு சொல்லுவோம்” என்றார் டாக்டர்.

அவ்வளவுதான். மாமாவுக்கு ஆஸ்பத்திரி பயம் போய்விட்டது. வரிசையாகக் கேட்டார். “எத்தன டைட்டு வெப்பீங்க? நடக்க நடக்க அதுவா கழண்டுக்காதுங்களா? எத்தன வருசத்துக்குத் தாங்கும்?”

“ஏனுங்க, டாக்டரப் போயி பட்டறைப் பையனாட்டம் கேக்கறீங்களே!” என்று அத்தை நெளிந்தார். டாக்டர் சிரித்துவிட்டு மூன்றுக்கும் பதில் சொன்னார்.

அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்ததுதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டில் யாருக்காவது “முதுகுல ஸ்க்ரூ வைக்கணும்” என்று சொல்லியிருந்தால், மாமாவின் மூன்று கேள்விகளும் உங்களுடையவையும்தான்.

பட்டறையில் இதற்கு என்ன வேலை?

கோவைக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மோட்டாரின் சாஃப்டில் ஒரு புல்லியை மாட்டுகிறோம். புல்லி சாஃப்டோடு சேர்ந்து சுற்ற வேண்டும், வழுக்கக் கூடாது. அதற்குப் புல்லியின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, மரை வெட்டி, தலையில்லாத ஒரு சிறு திருகாணியை உள்ளே இறக்குவார்கள். அதன் நுனி சாஃப்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இதுதான் கிரப் ஸ்க்ரூ.

சாதாரண போல்ட் இரண்டு பொருள்களைத் துளைத்துக்கொண்டு போய் இணைக்கும். இது அப்படியல்ல. ஒன்றுக்குள் உட்கார்ந்துகொண்டு இன்னொன்றை அழுத்தும். அந்த அழுத்தம்தான் பிடிமானம்.

இதற்கு ஏன் தலை இல்லை? அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. நூறு வருடங்களுக்கு முன்பு, மில்களில் ஒரே நீளமான சாஃப்ட் ஓட, அதிலிருந்து பெல்ட் போட்டுத்தான் எல்லா மெஷின்களும் ஓடின. அந்தப் புல்லிகளில் துருத்திக்கொண்டிருந்த திருகாணித் தலைகளில் தொழிலாளிகளின் சட்டையும் கையும் சிக்கின. அதனால்தான் தலையை எடுத்துவிட்டு, நடுவில் ஆறு பக்கக் குழி வைத்த திருகாணி வந்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஆலன் 1910-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்று சைக்கிள் கடை முதல் ஃபர்னிச்சர் கடை வரை நாம் ‘ஆலன் கீ’ என்று கேட்டு வாங்கும் சாவி அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஆக, வெளியே துருத்தாமல் உள்ளே இருந்துகொண்டு பிடிக்கும் திருகாணி. மனித உடம்புக்கும் அதுதான் தேவையாக இருந்தது.

முதுகில் எங்கே உட்காருகிறது?

நம் முதுகெலும்பில் மொத்தம் 33 முள்ளெலும்புகள். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் முன்பக்கம் உருளை போன்ற உடல், பின்பக்கம் ஒரு வளைவு. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஓட்டை வழியாகத் தண்டுவடம் இறங்குகிறது. தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரை வால்போல நரம்புக் கற்றை தொங்கும்.

முன்பக்க உடலையும் பின்பக்க வளைவையும் இணைக்கும் குட்டிப் பாலங்கள் இரண்டு. அவற்றுக்குப் பெயர் பெடிக்கிள். முதுகெலும்பு ஆபரேஷனில் போடும் பெரிய திருகாணி, முதுகுப் பக்கமிருந்து இந்தப் பாலத்தின் வழியாகத்தான் எலும்பின் உடலுக்குள் போகிறது. அதனால் அதற்கு பெடிக்கிள் ஸ்க்ரூ என்று பெயர். இடுப்புப் பகுதியில் இது சுமார் 6 மி.மீ. தடிமனும் 4 முதல் 5 செ.மீ. நீளமும் இருக்கும்.

இந்தத் திருகாணியின் தலை வித்தியாசமானது. துலிப் பூவைப்போல மேலே திறந்திருக்கும். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ‘ப’ எழுத்தின் வடிவம். அந்தப் பள்ளத்தில் 5.5 அல்லது 6 மி.மீ. தடிமனுள்ள கம்பியைப் படுக்க வைப்பார்கள். கம்பி நழுவாமல் இருக்க, மேலே மூடிபோல ஒரு குட்டித் திருகாணியை முடுக்குவார்கள். அதுதான் செட் ஸ்க்ரூ. சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம். சட்டைப் பொத்தானை நினைவுபடுத்தும் அளவு.

பொருள் பெரும்பாலும் டைட்டானியம் கலவை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு டைட்டானியம், ஆறு பங்கு அலுமினியம், நான்கு பங்கு வனேடியம். விமான உதிரிபாகங்களிலும் இதே கலவைதான். துருப்பிடிக்காது, உடம்பு ஏற்றுக்கொள்ளும்.

அத்தைக்கு இரண்டு முள்ளெலும்புகளை இணைக்க வேண்டியிருந்தது. எலும்புக்கு இரண்டு வீதம் 4 பெடிக்கிள் ஸ்க்ரூ, இடமும் வலமுமாக 2 கம்பி, 4 செட் ஸ்க்ரூ.

இந்தக் குட்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. பெடிக்கிள் ஸ்க்ரூவின் துலிப் தலை பெரும்பாலும் பந்துக் கிண்ண மூட்டுபோல எல்லாப் பக்கமும் அசையும். எலும்புகள் நேர்கோட்டில் இருக்காது என்பதால், கம்பியைப் பொருத்த அந்த அசைவு தேவை. செட் ஸ்க்ரூவை முடுக்கும்போது அது கம்பியை அழுத்துகிறது. கம்பி கீழே உள்ள பந்தை அழுத்துகிறது. அசைந்துகொண்டிருந்த தலை, கம்பி, திருகாணி மூன்றும் அந்த நொடியில் ஒரே துண்டாக இறுகிவிடுகின்றன.

முதல் கேள்வி: “எத்தன டைட்டு?”

“கை அளவு இல்லீங்க, கணக்கு அளவு” என்றார் டாக்டர்.

பட்டறையில் அனுபவசாலிகள் கையின் உணர்விலேயே முடுக்கிவிடுவார்கள். இங்கே அது நடக்காது. ஒவ்வொரு கம்பெனியும் தன் செட் ஸ்க்ரூவுக்கு ஓர் அளவு குறித்துக் கொடுக்கும். இடுப்புப் பகுதிக்கான பல சிஸ்டங்களில் இது 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். புரியும்படி சொன்னால், 10 செ.மீ. நீளக் கைப்பிடியின் முனையில் சுமார் 12 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு. பட்டறையில் 6 மி.மீ. போல்ட்டை ஒழுங்காக முடுக்கும் அளவுக்குப் பக்கம். கார் டயரின் நட்டுக்கு இதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும்.

குறைவாக முடுக்கினால் கம்பி வழுக்கும். அதிகமாக முடுக்கினால்? மரை போய்விடும், துலிப் தலை விரிந்துவிடும், கம்பியில் பள்ளம் விழும். டைட்டானியத்துக்கு ஒரு குணம் உண்டு. அதன் மேல் கீறலோ பள்ளமோ விழுந்தால், வளைந்து வளைந்து நிமிரும்போது அந்த இடத்திலிருந்தே விரிசல் தொடங்கும்.

அதனால்தான் டார்க் லிமிட்டர் என்ற கைப்பிடியை வைத்து முடுக்குகிறார்கள். குறித்த அளவு வந்ததும் ‘டக்’ என்று சத்தம் கொடுத்து நழுவிவிடும். அதற்கு மேல் முடுக்க முடியாது. இன்னொரு வகையில், செட் ஸ்க்ரூவின் மேல்பாதி சரியான அளவு வந்ததும் தானாகவே ஒடிந்து கையோடு வந்துவிடும். அளவுக் கருவியே திருகாணிக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி வகையில் ஒரு நிபந்தனை உண்டு. அது சரியான அளவில்தான் நழுவுகிறதா என்று அவ்வப்போது சோதித்துச் சரிசெய்ய வேண்டும்.

இன்னொரு ஏற்பாட்டைக் கேட்டதும் மாமா தலையாட்டினார். பைப் முடுக்கும்போது ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருப்புவோம் இல்லையா? இங்கேயும் அதேதான். துலிப் தலையை ஒரு குழாய்க் கருவியால் அசையாமல் பிடித்துக்கொண்டுதான் உள்ளே இருக்கும் செட் ஸ்க்ரூவைத் திருப்புவார்கள். பிடிக்காமல் முடுக்கினால், அந்த முறுக்கு முழுக்க எலும்புக்குப் போய்விடும். எலும்பு மெலிந்தவர்களுக்குப் பெடிக்கிளே உடையலாம்.

மரையின் வடிவத்திலும் யோசனை இருக்கிறது. சாதாரண போல்ட்டின் மரை ‘வி’ வடிவம். அதை முடுக்கினால் சுவர்களை வெளிப்பக்கம் தள்ளும். முழு வட்டமான நட்டுக்குள் அது பிரச்னை இல்லை. ஆனால், துலிப் தலை இரண்டு பக்கம் பிளந்தது. தள்ளினால் விரிந்துகொள்ளும். அதனால் செட் ஸ்க்ரூ மரையைச் சதுரமாகவோ, சுவரை உள்பக்கம் இழுக்கும்படி சாய்வாகவோ வெட்டுகிறார்கள். மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தச் சாய்வில்தான் கம்பெனிகளின் காப்புரிமைகள் பல அடங்கியிருக்கின்றன.

ஆபரேஷன் தியேட்டரில் செய்யும் ஒரு சின்ன வேலை நம் சமையலறையிலும் உண்டு. ஊறுகாய் பாட்டில் மூடி கோணலாக ஏறினால் என்ன செய்வோம்? கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்பி, மரை சரியாக உட்கார்ந்ததும் மூடுவோம். சர்ஜன்களும் செட் ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கம் லேசாகத் திருப்பி, மரை ‘கிளிக்’ என்று உட்காருவதைக் கையில் உணர்ந்த பிறகே வலப்பக்கம் முடுக்குவார்கள். கோணலாக ஏறிய திருகாணி மேலே பார்க்க இறுகியதுபோலவே இருக்கும். கம்பியை மட்டும் பிடித்திருக்காது.

எல்லாம் உட்கார்ந்த பிறகு முதலில் லேசாக முடுக்கி, எலும்புகளின் நிலையைச் சரிசெய்து, எக்ஸ்-ரேயில் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் இறுதி முடுக்கு. இறுதியாக முடுக்கிய செட் ஸ்க்ரூவை ஏதோ காரணத்தால் கழற்றினால், அதையே மறுபடி போடக் கூடாது, புதிதுதான் போட வேண்டும் என்பது கம்பெனிகள் சொல்லும் விதி. ஒருமுறை முழு அழுத்தம் வாங்கிய மரை, மறுமுறை அதே பிடிமானம் கொடுக்கும் என்று நம்ப முடியாது.

எப்படி இங்கே வந்து சேர்ந்தது?

1950-களில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் என்ற டாக்டர், போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்கு எஃகுக் கம்பி பொருத்தத் தொடங்கினார். 1962-ல் தன் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். அதில் எலும்புக்குள் திருகாணி கிடையாது. கம்பியின் இரண்டு முனையிலும் கொக்கிகள் மட்டும். வளைவு நிமிர்ந்தாலும், ஆபரேஷனுக்குப் பிறகு மாதக்கணக்கில் மாவுக்கட்டு ஜாக்கெட்டோடு இருக்க வேண்டும்.

1963-ல் பிரான்ஸில் ரேமோன் ரோய்-கமீல், பெடிக்கிள் வழியாகத் திருகாணி இறக்கித் தகடு பொருத்தினார். 1980-களின் தொடக்கத்தில், அதே பிரான்ஸில் கோட்ரல், தூபூசே என்ற இருவர், ஒரே கம்பியில் பல இடங்களில் கொக்கிகளையும் திருகாணிகளையும் கோத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். எந்த இடத்தில் எவ்வளவு திருத்தம் வேண்டுமோ அங்கேயே நிறுத்திப் பூட்டலாம் என்றானது. அந்தப் பூட்டும் வேலையைச் செய்யும் சின்னத் துண்டு அங்கேயிருந்து வளர்ந்து வந்ததுதான் இன்றைய செட் ஸ்க்ரூ. மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்த காலம் போய், அத்தை ஆபரேஷனுக்கு மறுநாளே வாக்கர் பிடித்து நடந்தார்.

கோவையில் எண்ணிப் பார்த்த 478 திருகாணிகள்

செட் ஸ்க்ரூ எவ்வளவு சரியாக இருந்தாலும், அதன் கீழே இருக்கும் பெடிக்கிள் ஸ்க்ரூ சரியான இடத்தில் இறங்கியிருக்க வேண்டும். திருகாணிகள் தாறுமாறாக நின்றால், கம்பி பள்ளத்தில் முழுதாக உட்காராது. கம்பி உட்காராவிட்டால், மூடி கோணலாகும். அதைவிட முக்கியம், பெடிக்கிளின் சுவரைத் துளைத்து வெளியே வந்தால், பக்கத்தில் இருப்பது நரம்பு.

இந்த விஷயத்தில் உலகம் கவனித்த ஓர் ஆய்வு நம் கோவையில் நடந்தது. மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் கங்கா மருத்துவமனையை, மயக்கவியல் நிபுணரான டாக்டர் ஜே.ஜி.சண்முகநாதன் 1978-ல் தொடங்கினார். அவருடைய மகன்களில் ஒருவர் முதுகெலும்பு சர்ஜன் டாக்டர் எஸ்.ராஜசேகரன். முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க்குக்கு எப்படி ஊட்டம் போகிறது என்று எம்.ஆர்.ஐ மூலம் காட்டிய ஆய்வுக்காக, 2004-ல் சர்வதேச இடுப்பு முதுகெலும்பு ஆய்வுச் சங்கத்தின் பரிசைப் பெற்றவர்.

அவரும் அவருடைய குழுவினரும் 2007-ல் ‘ஸ்பைன்’ என்ற சர்வதேச மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதுகு பக்கவாட்டில் வளைந்தவர்கள் 27 பேர், கூன் விழுந்தவர்கள் 6 பேர், ஆக 33 பேர். இவர்களுக்கு மார்புப் பகுதியில் போட்டவை மொத்தம் 478 பெடிக்கிள் ஸ்க்ரூ. வளைந்த முதுகில், அதுவும் மார்புப் பகுதியில், பெடிக்கிள்கள் மிகவும் ஒடுக்கமானவை. அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரு குழுவுக்கு வழக்கமான எக்ஸ்-ரே உதவியோடு 242 திருகாணிகள். இன்னொரு குழுவுக்கு கம்ப்யூட்டர் நேவிகேஷனோடு 236. தியேட்டரிலேயே எலும்பை முப்பரிமாணத்தில் படம் எடுத்து, கூகுள் மேப்பில் நம் கார் தெரிவதுபோல, சர்ஜனின் கருவி எலும்புக்குள் எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும் முறை அது.

முடிவு? வழக்கமான முறையில் 54 திருகாணிகள் பெடிக்கிள் சுவரை மீறியிருந்தன. நூற்றுக்கு சுமார் 22. நேவிகேஷன் முறையில் வெறும் 5. நூற்றுக்கு 2. நேரமும் குறைந்தது. ஒரு திருகாணி போட நான்கரை நிமிடத்துக்கு மேல் ஆனது, இரண்டரை நிமிடத்துக்குள் வந்தது. சுவரை மீறும் ஒவ்வொரு திருகாணியும் நரம்பைப் பாதித்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால், அந்த வாய்ப்பையே பத்தில் ஒரு பங்காகக் குறைக்க முடியும் என்பதை நம் ஊர் தியேட்டரில் எண்ணிக் காட்டினார்கள்.

இரண்டாவது கேள்வி: “அதுவா கழண்டுக்காதுங்களா?”

பட்டறையில் கிரப் ஸ்க்ரூ கழன்றுகொள்ளாமல் இருக்க மரையில் பசை தடவுவார்கள். உடம்புக்குள் அது முடியாது. மரையின் உராய்வும் முடுக்கிய அழுத்தமும்தான் பிடிமானம். அதனால்தான் இறுதி முடுக்கின் அளவுக்கு இவ்வளவு கெடுபிடி.

இம்பிளான்ட் சந்தைக்கு வரும் முன் சோதனைக்கூடத்தில் அதைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். எலும்புக்குப் பதில் இரண்டு பிளாஸ்டிக் கட்டைகள். நடுவில் வெற்றிடம். அதாவது, எலும்பின் உதவியே இல்லாமல் மொத்தச் சுமையையும் திருகாணியும் கம்பியுமே தாங்க வேண்டும். சர்வதேசத் தரச் சோதனையில் இப்படி 50 லட்சம் முறை வளைத்து வளைத்துப் பார்ப்பார்கள். ஓர் அடிக்கு ஒரு சுமை என்று வைத்துக்கொண்டால், தினம் 5,000 அடி நடப்பவருக்கு அது ஆயிரம் நாள் கணக்கு.

இதையெல்லாம் தாண்டியும் சிலருக்குப் பிரச்னை வருவது உண்டு. ஆனால், செட் ஸ்க்ரூ தானாகக் கழல்வதைவிட, பெடிக்கிள் ஸ்க்ரூ எலும்பில் பிடிப்பை இழப்பதுதான் அதிகம். எக்ஸ்-ரேயில் திருகாணியைச் சுற்றி நிழல் வளையம்போலத் தெரியும். சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு மெலிந்தவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவது சாதாரணமாக நடப்பது. அதனால், ஆபரேஷனுக்கு முன்பே எலும்பின் அடர்த்தியைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். மெலிந்திருந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. தேவைப்பட்டால் திருகாணியைச் சுற்றி எலும்பு சிமென்ட் செலுத்தியும் பிடிமானம் கூட்டுகிறார்கள்.

மூன்றாவது கேள்வி: “எத்தன வருசம் தாங்கும்?”

இதற்கு டாக்டர் சொன்ன பதில்தான் எனக்கு மறக்காது. “வீடு கட்டறப்ப கான்கிரீட்டுக்குக் கீழ சென்ட்ரிங் அடிப்பீங்களே... அது எத்தன வருசம் தாங்கும்னு யாராச்சும் கேப்பாங்களா? கான்கிரீட் இறுகற வரைக்கும் தாங்கினா போதுமில்லீங்களா?”

ஆபரேஷனின் உண்மையான நோக்கம் திருகாணி வைப்பது இல்லை. சறுக்கும் இரண்டு எலும்புகளை ஒரே எலும்பாக வளரவைப்பது. அதற்காக எலும்புகளுக்கு நடுவில் நோயாளியின் சொந்த எலும்புத் துகள்களை வைக்கிறார்கள். செடியைப் பதியம் போடுவது மாதிரி. அந்தத் துகள் வேர்பிடித்து, பாலமாகி, இறுக ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகலாம். அதுவரை அந்த இடம் அசையக் கூடாது. அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் திருகாணி, கம்பி, செட் ஸ்க்ரூ மூன்றின் வேலை.

எலும்பு ஒட்டிவிட்டால், சுமையை எலும்பே தாங்கும். திருகாணிகள் உள்ளேயே சும்மா இருக்கும். தொந்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் எடுப்பதில்லை. எலும்பு ஒட்டாமலே போனால், சோதனைக்கூடத்தில் நடந்த கதைதான் முதுகுக்குள்ளும் நடக்கும். மொத்தச் சுமையும் உலோகத்தின் மேல். வளைந்து வளைந்து ஒருநாள் கம்பி ஒடியலாம், திருகாணி தளரலாம்.

ஆக, இது ஒரு பந்தயம். உலோகம் களைத்துப்போவதற்குள் எலும்பு ஒட்ட வேண்டும். தியேட்டரில் சர்ஜன் சரியான அளவில் முடுக்குவது பாதி வேலை. மீதிப் பாதி வீட்டில் இருக்கிறது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

புகைபிடிப்பவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும். எலும்பு ஒட்டுவதைப் புகை தாமதப்படுத்தும், தடுக்கவும் செய்யும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் புண் ஆறுவதும் எலும்பு ஒட்டுவதும் இரண்டுமே தடுமாறும்.

குனிந்து குடம் தூக்குவது, இடுப்பைத் திருப்பி எதையாவது இழுப்பது, பேரக்குழந்தையை இடுப்பில் வைப்பது எல்லாம் டாக்டர் அனுமதி தரும்வரை கூடாது. அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. நடப்பதுதான் நல்ல பயிற்சி. சொன்ன தேதியில் எக்ஸ்-ரேக்குப் போக வேண்டும். வலி இல்லையென்றாலும் போக வேண்டும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. திடீரென்று புது வலி, கால் வலுவிழப்பது, மரத்துப்போவது, புண்ணில் நீர் கசிவு, காய்ச்சல் என்றால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழந்தாலோ, மர்ம உறுப்பைச் சுற்றி உணர்வு குறைந்தாலோ, நேரம் பார்க்காமல் எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதுகு வலி என்றாலே ஆபரேஷன் என்று யாரும் பயப்பட வேண்டாம். சாதாரண இடுப்பு வலியில் பெரும்பாலானவை சில வாரங்களில் மருந்தும் உடற்பயிற்சியுமாகச் சரியாகிவிடும். நரம்பு நசுங்கி நடை குறைவது, கால் பலவீனம், எலும்பு நிலையில்லாமல் அசைவது போன்ற காரணம் இருந்தால்தான் இந்தத் திருகாணிகளுக்கு வேலை. சந்தேகம் இருந்தால் இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்பதில் தவறே இல்லை.

அந்த ஸ்டிக்கர் எங்கே?

டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லைச் சரிபார்ப்போம், மாத்திரையைச் சரிபார்ப்போம். பலரும் கேட்க மறப்பது ஒன்று இருக்கிறது. உள்ளே வைத்த இம்பிளான்ட்டின் விவரம். எந்தக் கம்பெனி, எந்த சிஸ்டம், திருகாணியின் அளவு, லாட் நம்பர். இவை டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்க வேண்டும். இம்பிளான்ட் பாக்கெட்டோடு ஸ்டிக்கர் வந்திருந்தால், அதையும் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

எதற்கு? பட்டறைக்காரர்களுக்கு இது உடனே புரியும். ஒவ்வொரு கம்பெனியின் செட் ஸ்க்ரூவுக்கும் குழியின் வடிவமும் அளவும் வேறு. ஒன்றுக்கு ஆறு பக்கம், இன்னொன்றுக்கு நட்சத்திரம். பத்து வருடம் கழித்து மறுபடி திறக்க வேண்டிய நிலை வந்தால், புது சர்ஜனுக்கு முதலில் தேவைப்படுவது சரியான சாவி. விவரம் தெரியாவிட்டால், எல்லா வகைச் சாவிகளையும் வரவழைத்து வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். எம்.ஆர்.ஐ எடுக்கும்போதும் இந்த விவரம் கேட்பார்கள். டைட்டானியம் இருந்தாலும் பொதுவாக எம்.ஆர்.ஐ எடுக்கலாம். ஆனால், முன்கூட்டியே சொல்ல வேண்டியது அவசியம்.

எலும்பு இம்பிளான்ட்டுகள் இந்தியாவில் அரசு உரிமம் பெற்றுத்தான் விற்கப்பட வேண்டும். மருத்துவ சாதனங்களுக்கென்றே தனி விதிகள் 2018 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கின்றன. சாதனங்களால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய, 2015 முதல் தேசிய அளவில் ஒரு கண்காணிப்புத் திட்டமும் உண்டு. அதில் நோயாளிகளும் புகார் பதியலாம். எதற்கும் அடிப்படை, அந்த லாட் நம்பர்தான்.

ஆறு மாதம் கழித்து...

ஆறாவது மாத எக்ஸ்-ரேக்கு மாமா யாரும் இழுக்காமலே வந்தார். திரையில் இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு பாலம் தெரிந்தது. டாக்டர் பேனாவால் சுட்டிக்காட்டினார்.

“அப்ப இனி அந்தக் கிரப் ஸ்க்ரூவுக்கு வேலையே இல்லீங்களா?”

“கொஞ்ச நாள்ல ரிட்டையர் ஆயிரும்ங்க. குவார்ட்டர்ஸை மட்டும் காலி பண்ணாது!”

அறையில் எல்லோரும் சிரித்தோம். அத்தை மட்டும், “ஏனுங் டாக்டர், மார்கழிக்குக் கோலம் போடலாமுங்களா?” என்று தன் கேள்வியைக் கேட்டார். குனிந்து வேண்டாம், முக்காலி போட்டு உட்கார்ந்து போடலாம் என்று அனுமதி கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமா பீரோவைத் திறந்து, பட்டறை லைசென்ஸ் பேப்பர்கள் இருக்கும் ஃபைலை எடுத்தார். அத்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியும் நான்கு ஸ்டிக்கர்களும் இப்போது அதில்தான் இருக்கின்றன. மேலே அவர் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: ‘சாவி நம்பர் உள்ளே.’